அனுமதித்தவர் கையெழுத்து

ஜெயராமன் தன் குற்றத்தை நான்கு கட்டங்களில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு குத்தி, தானே ஆட்டோ பிடித்துப் போய் போலீசில் கொடுத்தான். கொடுக்கும்போது அது குற்றம் என்று அவனுக்குத் தெரியாது. புகார் என்று நினைத்திருந்தான்.

பெங்களூர் பீன்யாவில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவனுக்குக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வேலூரிலிருந்து வந்து ஐந்து வருடம். விவேக் நகரில் வீடு, இரண்டு பஸ் மாறி வேலை. கம்பெனியில் பதினொரு கம்ப்யூட்டர்களும் ஒரு சர்வரும் இருந்தன. அவற்றுக்கு என்ன வந்தாலும் ஜெயராமன். மின்விசிறி நின்றாலும் ஜெயராமன்தான், அதிலும் ஒயர் இருக்கிறது என்பதால்.

முதலாளி சின்னப்பாவுக்கு இரண்டு நம்பிக்கைகள். ஒன்று குலதெய்வம், இன்னொன்று ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ். முதலாவது வருடத்துக்கு ஒரு ஆடு கேட்டது. இரண்டாவது தினமும் காகிதம் கேட்டது. தொழிற்சாலையில் எது தவறினாலும் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். அதில் நான்கு கட்டங்கள்: பிரச்சினை, மூல காரணம், எடுத்த நடவடிக்கை, இனி நேராமல் தடுக்க. அடியில் இரண்டு கையெழுத்துகள்: செய்தவர், அனுமதித்தவர். கழிப்பறைக் குழாய் ஒழுகினாலும் இதுதான் முறை. இரண்டு வருடமாக ஒழுகிய ஒரு குழாய்க்கு அறுபது ஃபாரம் இருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி அந்தக் கோப்பைப் பாராட்டிவிட்டுப் போனார்.

இந்த ஃபாரத்தைக் கம்பெனிக்குக் கொண்டுவந்தவர் விற்பனை மேனேஜர் மஞ்சுநாத். 2001 மார்ச்சில் அவர் வேலையை விட்டு, இரண்டு தெரு தள்ளி, சொந்தமாக வால்வு செய்யத் தொடங்கினார். சின்னப்பா அவருக்கு மாலை போட்டு வெள்ளித் தட்டு கொடுத்து அனுப்பினார். சர்வரிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாமா என்று ஜெயராமன் கேட்டான். போன மறுநாளே எடுத்தால் மரியாதையாக இருக்காது என்றார் சின்னப்பா.

பாஸ்வேர்டையாவது மாற்றலாமா என்று கேட்டான். அதை அவன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பது பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, சின்னப்பாவின் குலதெய்வத்தின் பெயர். சர்வர் மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு அட்டையில், மஞ்சள் தடவி ஒட்டியிருந்தது. சாமி பெயரை எடுப்பதென்றால் நாள் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மெஷினுக்கு நல்ல நாள் ஆயுத பூஜை. போன வருட ஆயுத பூஜைக்குச் சின்னப்பா ஊரில் இல்லை. ஆகவே இந்த வருடம்.

மஞ்சுநாத் அதுவரை காத்திருக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஜெயராமன் சர்வரின் பதிவேட்டைப் பார்த்தான். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை பகலில், கம்பெனி பூட்டியிருந்தபோது, மஞ்சுநாத் என்ற பெயரில் யாரோ போன் வழியாக உள்ளே வந்திருந்தார்கள். நான்கு மணி நேரம் இருந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு வால்வு வரைபடங்களைப் பிரதி எடுத்துப் போயிருந்தார்கள். யாரோ என்பது ஒரு மரியாதைக்குத்தான்.

ஜெயராமனிடம் மஞ்சுநாத்தின் விசிட்டிங் கார்டு இருந்தது. அதில் இருந்த இரண்டாவது நம்பரை மோடத்தில் போட்டான். மறுமுனையில் இன்னொரு மோடம் எடுத்துப் பாஸ்வேர்டு கேட்டது. அவன் சின்னப்பாவின் குலதெய்வத்தின் பெயரை அடித்தான். திறந்துகொண்டது. மஞ்சுநாத் கம்பெனியை விட்டுப் போயிருந்தார், பழக்கத்தை விடவில்லை.

வரைபடங்கள் அங்கே இருந்தன. கோப்பின் பெயரைக்கூட மாற்றவில்லை.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அவன் நல்ல பிள்ளையாக இருந்திருப்பான். ஆனால் ஐ.எஸ்.ஓ. கம்பெனியில் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஃபாரத்தை எடுத்துக்கொண்டு சின்னப்பாவிடம் போனான். நம் வரைபடங்களை அங்கிருந்து அழித்துவிடலாமா என்று கேட்டான். சின்னப்பா சந்தோஷமாக அனுமதித்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார், தேதியோடு, நேரத்தோடு. அவன் திரும்பி வந்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் அழித்தான். எடுக்க நான்கு மணி நேரம் ஆனது, அழிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நான்காவது கட்டத்தில், பாஸ்வேர்டு மாற்றப்படும், கெடு ஆயுத பூஜை என்று எழுதினான்.

அந்த வாரமே சின்னப்பா போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார். புகாரோடு ஃபாரத்தின் இரண்டாம் பிரதியையும் இணைக்கச் சொன்னார். நாம் எப்படிப்பட்ட கம்பெனி என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றார்.

காவல் நிலைய இன்ஸ்பெக்டர் முதல் பத்தியைப் படித்ததுமே காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்து ஒரு வருடம் ஆகிறது. அதன்படி டி.எஸ்.பி. பதவிக்குக் குறைந்தவர் யாரும் இதை விசாரிக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது இன்ஸ்பெக்டர் முகத்தில் பல வருடங்களாக எந்தச் சட்டமும் தராத நிம்மதி தெரிந்தது.

டி.எஸ்.பி. கோலார் தங்கவயலில் வேலை பார்த்தபோது தமிழ் கற்றவர். சட்டப் புத்தகம் புதிதாக இருந்தது. விரித்தால் மூடிக்கொண்டது. ஒரு பேப்பர் வெயிட்டை வைத்து அதை அடக்கினார். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வரைபடங்கள் இப்போது உங்களிடம் இருக்கின்றனவா என்று கேட்டார். இருக்கின்றன என்றான் ஜெயராமன். அப்படியானால் என்ன போயிற்று என்று கேட்டார்.

டி.எஸ்.பி. பொறுமையாக விளக்கினார். அனுமதியில்லாமல் நுழைவதும் பிரதி எடுப்பதும் நாற்பத்து மூன்றாவது பிரிவு. அது போலீஸ் வழக்கு இல்லை, நஷ்டஈடு. ஒரு கோடி வரை கேட்கலாம். அதைத் தீர்மானிக்கத் தனி அதிகாரி.

"அந்த ஆபீசர் எங்க சார் இருக்கார்?"

"இன்னும் நியமிக்கலை."

பிறகு டி.எஸ்.பி. மூன்றாவது கட்டத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஜெயராமன் படித்தான். கொஞ்சம் பெருமையாகவே படித்தான்.

"அழிச்சீங்க."

"ஆமா சார். எங்க ஃபைலு."

"யாரோட ஃபைலுன்னு சட்டம் கேக்கலை சுவாமி. கம்ப்யூட்டர்ல இருந்ததை அழிச்சியான்னுதான் கேக்குது. அறுபத்தாறு. மூணு வருஷம். ஜாமீனும் லேசுல கிடைக்காது."

ஜெயராமன் ஃபாரத்தைத் திரும்பக் கேட்டான். டி.எஸ்.பி. தரவில்லை. அந்தப் புத்தகத்தில் இதுவே அவருடைய முதல் வழக்காக இருக்கும். குற்றவாளி தானாக வந்திருக்கிறான், கையெழுத்தோடு, நேரத்தோடு, மூல காரணத்தோடு. முப்பது வருட சர்வீசில் இப்படி ஒருவன் அவருக்கு வாய்த்ததில்லை. எதிர்த் தரப்பையும் விசாரித்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடுவதாகவும், ஊரை விட்டுப் போக வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மனைவி காந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"எடுத்தவனுக்கு எத்தனை வருஷம்?"

"ஒண்ணும் இல்லை."

"அழிச்சவனுக்கு?"

"மூணு."

"அப்ப நீங்களும் நாலு படத்தை எடுத்துட்டு வந்திருக்கலாமே. உங்களை யாரு அழிக்கச் சொன்னது?"

மறுநாள் சின்னப்பாவும் அதையேதான் கேட்டார், உன்னை யார் அழிக்கச் சொன்னது என்று. அவர் அதற்குள் யாரிடமோ விசாரித்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, ஒரு புது ஃபாரத்தை நீட்டினார். எல்லாம் அப்படியே எழுத வேண்டியது, அனுமதித்தவர் கட்டம் மட்டும் காலி. பழையதைக் கிழித்துவிடலாம்.

ஜெயராமன், பழைய ஃபாரத்தைக் கிழிக்க ஐ.எஸ்.ஓ. விதி இடம் கொடுப்பதில்லை என்றான். மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த மூன்று என்ற எண் அன்று அவன் எங்கே போனாலும் கூடவே வந்தது. சின்னப்பா விதியை யார் போட்டது என்று கேட்டார். மஞ்சுநாத் என்றான்.

"நோடப்பா ஜெயராமா, இங்க பாரு, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் குடும்பத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார் சின்னப்பா. அவர் இதை அன்போடுதான் சொன்னார்.

அவன் புது ஃபாரத்தை வாங்கிக்கொண்டான், நிரப்பவில்லை.

ஜெயராமன் போய்ப் பார்த்த வக்கீல் மங்களம், மல்லேஸ்வரத்தில் எட்டாவது கிராஸில் இருந்தார். சொத்துத் தகராறுகள், வாடகைத் தகராறுகள் என்று இருபது வருட அனுபவம். கம்ப்யூட்டர் தெரியாது. அதனால் சட்டத்தை அதில் எழுதியிருக்கிறபடியே படித்தார். வரைபடங்களைத் திருடியதற்குக் பதிப்புரிமைச் சட்டத்தில் மஞ்சுநாத்தைப் பிடிக்கலாமே என்று ஆரம்பித்தார். அந்த வரைபடங்கள் கம்பெனிக்கு எப்படி வந்தன என்று கேட்டார். ஜெர்மன் கேட்டலாக் ஒன்றைப் பார்த்து வரைந்தவை என்றான் ஜெயராமன். மங்களம் அந்தப் பக்கத்தை மூடினார். காப்பி கொண்டுவரச் சொன்னார்.

அறுபத்தாறாவது பிரிவை மூன்று முறை படித்த பிறகு, அதில் ஒரு வார்த்தையில் விரலை வைத்தார். அழித்தால் மட்டும் போதாது. நஷ்டம் உண்டாக்கும் எண்ணமாவது, உண்டாகும் என்ற அறிவாவது இருக்க வேண்டும்.

"மஞ்சுநாத்துக்கு என்ன நஷ்டம் ஆச்சு?"

ஜெயராமனுக்குத் தெரியவில்லை. மஞ்சுநாத்தே சொல்வார் என்றார் மங்களம். ஒருவர் தன் நஷ்டத்தைச் சொல்லாமல் இருந்து அவர் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் டி.எஸ்.பி. ஜெயராமனையும் மஞ்சுநாத்தையும் கூப்பிட்டார். ஜெயராமனோடு மங்களமும் போனார். மஞ்சுநாத் சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார். ஜெயராமனைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். பிறகு தன் வாக்குமூலத்தைக் கொடுத்தார். அதோடு ஒரு இணைப்பும் இருந்தது. அதே நான்கு கட்டம், அதே இரண்டு கையெழுத்து. கம்பெனி பெயர் மட்டும் வேறு.

டி.எஸ்.பி. இரண்டு ஃபாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மஞ்சுநாத்துடையதைப் படித்தார்.

பிரச்சினை: முந்நூற்றுப் பன்னிரண்டு வரைபடங்கள் அழிக்கப்பட்டன. மூல காரணம்: பழைய கம்பெனியின் பாஸ்வேர்டையே பயன்படுத்தியது. எடுத்த நடவடிக்கை: வந்த இடத்திலிருந்தே முந்நூற்றுப் பன்னிரண்டும் மறுபடி பெறப்பட்டன. இனி நேராமல் தடுக்க: நம் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. செய்தவரும் மஞ்சுநாத், அனுமதித்தவரும் மஞ்சுநாத். தேதி, ஜெயராமன் அழித்ததற்கு அடுத்த ஞாயிறு.

திருடியதை எழுதிக் கொடுத்ததில் மஞ்சுநாத்துக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அவரும் வக்கீலைப் பார்த்திருந்தார். எடுப்பது போலீஸ் வழக்கில்லை, அதற்கான அதிகாரியும் இன்னும் பிறக்கவில்லை.

மங்களம் அந்த மூன்றாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "எல்லாம் திரும்ப வந்தாச்சு. இதுல நஷ்டம் எங்க சார்?"

மஞ்சுநாத்தின் முகத்தில் முதல்முறையாக மடிப்பு விழுந்தது. மன உளைச்சல் என்று ஏதோ சொன்னார். மன உளைச்சல் கம்ப்யூட்டரில் இருந்ததா என்று கேட்டார் மங்களம்.

டி.எஸ்.பி. தன் முதல் வழக்கு கையை விட்டுப் போவதைப் பார்த்தார். அவ்வளவு லேசில் விட மனம் வரவில்லை. காகிதத்தில் யாரும் எதையும் எழுதலாம் என்றார். ஒருமுறை அழித்த பிறகும் அவ்வளவையும் அதே வழியில் எடுக்க முடிகிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். மஞ்சுநாத் ஆபீசில் உட்கார்ந்து, தன் முன்னால் எடுத்துக் காட்ட வேண்டும். எடுத்தால் நஷ்டமில்லை, கோப்பை மூடிவிடலாம். எடுக்க முடியாவிட்டால் எஃப்.ஐ.ஆர். எழுதியதைச் செய்து காட்ட முடியாது என்று சொல்ல மஞ்சுநாத்தால் முடியவில்லை. ஐ.எஸ்.ஓ.வில் அதற்குப் பொய்ப் பதிவு என்று பெயர். ஒப்புக்கொண்டார்.

தசரா பந்தோபஸ்து முடிய வேண்டும் என்பதால் டி.எஸ்.பி. நாள் குறித்தார், சனிக்கிழமை. ஆயுத பூஜை வியாழக்கிழமை.

ஜெயராமன் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான். வியாழன் முதலில்தான் வந்தது.

வியாழக்கிழமை தொழிற்சாலை முழுக்கச் சாமந்தி வாசனை. லேத் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சர்வருக்கு மட்டும் தனி மாலை. கீபோர்டில் பொட்டு வைத்ததில் இரண்டு எழுத்துகள் தெரியவில்லை. ஒரு மடித்த சீட்டு, புதுப் பாஸ்வேர்டு, சாமி படத்தின் காலடியில் இருந்தது. சின்னப்பா அதை மூன்று நாள் யோசித்து எழுதியிருந்தார். கற்பூரம் காட்டியதும் மாற்றிவிட்டு, மெஷினை அணைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நாற்பது பேர் நின்றிருந்தார்கள். சின்னப்பா சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஜெயராமனிடம் நீட்டினார்.

ஜெயராமன் வாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வேண்டாம் என்றான், தாழ்ந்த குரலில்.

"ரெண்டு வருஷமா நீதானே என் உயிரை எடுத்தே, மாத்து மாத்துன்னு."

"ஆமா சார். இப்ப வேண்டாம்."

"திரும்ப வந்து எடுப்பான்."

"எடுக்கட்டும் சார். எடுத்தாத்தான் நான் வெளியில இருப்பேன்."

நல்ல நேரம் முடியப் போகிறது என்று புரோகிதர் ஞாபகப்படுத்தினார். சின்னப்பா மறுபடி சீட்டை நீட்டினார். ஒருவனுக்காகக் கம்பெனியைத் திறந்து போட முடியாது என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. இரண்டு வருடம் தாமதம், அவ்வளவுதான்.

"டி.எஸ்.பி. கிட்ட இருக்கறது ரெண்டாம் காப்பி சார்" என்றான் ஜெயராமன். "செய்தவர் நான். அனுமதித்தவர் கட்டத்தையும் அவர் படிச்சிருப்பார்."

சின்னப்பா சாமி படத்தைப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நாற்பது பேர் பக்கமும் திரும்பி, இன்று சகுனம் சரியில்லை, பாஸ்வேர்டு இன்னொரு நாள் என்று அறிவித்தார். எல்லாரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள், கெட்ட கண் உள்ளே வராமல் இருக்க.

சனிக்கிழமை பத்து மணிக்கு மோடம் கத்தியது. ஜெயராமன் சர்வரின் பொட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் மஞ்சுநாத் என்ற பெயர் வந்தது. பாஸ்வேர்டு சரியாக இருந்தது. முதல் வரைபடம் போயிற்று, இரண்டாவது போயிற்று.

ஆபீசுக்கு இருந்தது ஒரே ஒரு போன் லைன். யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். ஜெயராமன் வரவேற்பில் இருந்த ஷில்பாவின் போன்மேல் கையை வைத்து நின்றான். லாரி ஏஜென்சிக்குப் பேச வேண்டும் என்றாள் அவள். மூலைக்கடை எஸ்.டி.டி. பூத்தில் பேசச் சொன்னான். திருட்டு நடந்துகொண்டிருக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்றான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

நூற்று எண்பத்தேழாவது வரைபடத்தில் லைன் தானாக அறுந்தது. ஜெயராமன் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னான். அவனுடையது இல்லை, சின்னப்பாவினுடையது. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான், தினம் அடித்து அடித்துப் பழகியது. ஐந்து நிமிடம் கழித்து மோடம் மறுபடி கத்தியது. நூற்று எண்பத்தெட்டு போயிற்று. ஒரு நாளும் இல்லாத திருநாளாக மஞ்சுநாத்தின் விடாமுயற்சி அவனுக்குப் பிடித்திருந்தது.

மூன்றே காலுக்கு டி.எஸ்.பி.யின் போன் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு, எண்ணிவிட்டேன் என்றார். நஷ்டமில்லை, வழக்கில்லை என்று பி ரிப்போர்ட் போட்டுக் கோப்பை மூடுவதாகச் சொன்னார். குரலில் ஒரு வருத்தம் இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா சுவாமி? உங்க ஃபாரத்துல ஒரு காலி காப்பி கிடைக்குமா? நல்லா இருக்கு. விசாரணைக்கு ரொம்ப வசதி."

ஜெயராமன் தருவதாகச் சொன்னான். காந்தாவுக்குப் போன் செய்து, ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னான். பிறகு பத்து நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உட்கார்ந்து முடித்ததும் ஒரு புது ஃபாரம் எடுத்தான். பிரச்சினை: ஒரே ஆள் மூன்று முறை உள்ளே வந்து வரைபடங்களை எடுத்தது. மூல காரணம்: பாஸ்வேர்டு. எடுக்கப்போகும் நடவடிக்கை: பாஸ்வேர்டை மாற்றுவது, மஞ்சுநாத் பெயரை நீக்குவது. செய்தவர் கட்டத்தை விட்டுவிட்டு, சின்னப்பாவிடம் கொண்டுபோய் வைத்தான்.

சின்னப்பா ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். நீக்குவது என்ற இடத்தில் நின்றார். நீக்குவது என்றால் அழிப்பதுதானே என்று கேட்டார். ஆமாம், நம் கம்ப்யூட்டரில்தான் என்றான் ஜெயராமன். யாருடைய கம்ப்யூட்டராக இருந்தால் என்ன, சட்டம் அதைக் கேட்பதில்லை என்று டி.எஸ்.பி. சொன்னதாக நீதானே வந்து சொன்னாய் என்றார் சின்னப்பா. பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார்.

"நீ செஞ்சுடு. கையெழுத்து அப்புறம் போடறேன்."

"நீங்க போட்டுடுங்க சார். அப்புறம் செய்யறேன்."

சின்னப்பா ஃபாரத்தை 'நிலுவை' என்று எழுதியிருந்த தட்டில் வைத்தார். அதன்மேல் கழிப்பறைக் குழாயின் அறுபத்தோராவது ஃபாரத்தை வைத்தார். புதுப் பாஸ்வேர்டுச் சீட்டு அவர் பூஜையன்று போட்ட சட்டையின் பையில் இருந்தது. சட்டை அன்று சலவைக்குப் போயிற்று.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மோடம் கத்தியது. ஜெயராமன் நாற்காலியிலிருந்து எழுந்து போய், அதன் சத்தத்தைக் குறைத்து வைத்தான்.